நகர் காண்டலும் தலம் வழிபடுதலும்
(கச்சிமாநகரை முன்னிட்டதோர் ஆராய்ச்சி)

மூர்த்தி, தலம், தீர்த்தம் என்னும் மூன்றும் உயிர்களை உய்வித்தற்பொருட்டு இறைவன் கொண்டருளிய நிலைக்களங்கள் என்பது சைவநூல்களின் துணிபு. அவற்றை நாடி ஊர்தோறும் சென்று வழிபடுதலை நம் முன்னோர் தலயாத்திரை என்றனர். இக்காலத்திலோ, பழைய நகரங்களின் கட்டடம், சிற்பம், வரலாறு, கைத்தொழில் முதலியவற்றைக் காணும் விருப்பமே காரணமாக மேற்கொள்ளப்படும் வேறொரு செலவு பெருகி வருகின்றது. உலகம் அதனைச் சுற்றுலா என்று வழங்கும். 2015-ஆம் ஆண்டில் இந்திய அரசாங்கம் மரபுச் சிறப்புடைய நகரங்கள் எனப் பன்னிரண்டு ஊர்களைத் தெரிந்தெடுத்து அவற்றைச் செம்மை செய்யும் திட்டமொன்றைத் தொடங்கிற்று. காசி, கயை, துவாரகை, பூரி முதலியவற்றோடு நமது காஞ்சிபுரமும் அப்பன்னிரண்டனுள் ஒன்றாயிருந்தது. 2019-ஆம் ஆண்டில் அத்திட்டம் முடிவெய்தியது. எனினும் ஊர் காண வருவார் வரவு நின்றபாடில்லை.

இவ்விரு செலவும் தம்முள் மாறுபட்டனவோ, ஒன்றற்கொன்று துணையாவனவோ என்பதும், துணையாக்குதற்குச் சைவர் செயற்பாலது யாது என்பதும் ஈண்டு ஆராயப்படும். பொதுப்படக் கூறின் பொருள் விளங்காதாகலின், காஞ்சி ஒன்றனையே எடுத்துக்கொண்டு கூறுவாம்.

1. இருவகைச் செலவு

காஞ்சியைக் காண வந்த அயல்நாட்டாருள் பழமையும் புகழும் உடையவர் சீன யாத்திரிகராகிய யுவான் சுவாங்கு என்பவர். கி. பி. 640-ஐ ஒட்டி இங்கு வந்த அவர், நகரத்தின் சுற்றளவையும், சுமார் நூறு பௌத்தப் பள்ளிகளும் எண்பது தேவாலயங்களும் இருந்தமையையும் எழுதிவைத்தனர். அவர் நம் சமயத்தாரல்லர். ஆயினும் கண்டதைக் குறித்துவைத்த அவரது எழுத்து இன்று நமக்கும் பயன்படுகின்றது. நகர் காண் செலவின் நற்பயன் இதுவென்க.

இனி, தலயாத்திரைக்கு இலக்கியமாய் விளங்குபவரும் இந்நகரத்தவரே. ஐயடிகள் காடவர்கோன் நாயனார் காஞ்சியிலிருந்து அரசு புரிந்தவர். அரசாட்சி துன்பமென உணர்ந்து, அதனை மைந்தன்பால் ஒப்புவித்துத் தலங்கள்தோறும் சென்று, தலத்துக்கு ஒவ்வொரு வெண்பாவாகப் பாடினர். அவற்றுள் இன்று கிடைப்பன 24. தில்லை முதலாகத் தொடங்கும் அவை க்ஷேத்திரத் திருவெண்பா என்னும் பெயரால் பதினோராந் திருமுறையுள் வைக்கப்பெற்றுள்ளன. உடல் தளர்ந்து உயிர் பிரியுங் காலம் வருமுன்னர் அவ்வத் தலத்தை அடைதல் வேண்டுமென நெஞ்சுக்கு அறிவுறுத்துவதே அவற்றின் கருத்து. யுவான் சுவாங்கு ஊரின் அளவைக் கண்டார். நாயனார் தம் வாழ்நாளின் அளவைக் கண்டு ஊரை நாடினார். இருவகைச் செலவின் வேறுபாடும் இதனால் இனிது விளங்கும்.

வேறுபாடு உண்டெனவே பகை உண்டென்பது பெறப்படுமோ எனின், அங்ஙனமன்று. அதனைக் காண்டல் என்பதன் இயல்பை ஆராய்ந்து தெளிவாம்.

2. காண்டலும் காட்டலும்

சிவஞானபோதப் பதினோராஞ் சூத்திரத்தில் மெய்கண்ட தேவர், கண்ணினது காட்சியை எடுத்துக்காட்டி உயிரினது அறிவின் இயல்பை விளக்கினர். கண் தானே காணவல்லதன்று. உயிர் அதற்குப் பொருளைக் காட்டித் தானும் உடனின்று காணுதலாலேயே கண் காண்கின்றது. அதுபோல உயிரும் தானே அறியவல்லதன்று. இறைவன் அதற்குக் காட்டி உடனின்று காணுதலாலேயே அறிகின்றது. காட்டும் உபகாரம், காணும் உபகாரம் என இவை இரண்டாக வைத்து ஓதப்படும். இவ்வுபகாரத்தை உணர்ந்தவழி அன்பு விளையும். தளராத அவ்வன்பினால் உயிர் அரன் திருவடியை அடையும்.

இது முத்திநிலையில் வைத்துக் கூறப்பட்ட பேருண்மை. அதனை ஊர்காண் செலவுக்கு உவமையளவில் கொள்ளுதல் இழுக்காகாது. ஒரு கோயிலின் முன் நிற்பவனுடைய கண்ணிற் கல் படுகின்றது. ஆயினும் காட்டுவாரின்றி அக்கல்லின் பொருள் அவனுக்குப் புலப்படாது. அவன் சுற்றுலாவாகப் போந்த அயலானாயினும், நீறணிந்து வந்த அடியவனாயினும் ஈது ஒக்கும்.

இக்கருத்துக்கு இயைந்ததொரு வரலாறும் காஞ்சியிலேயே நிகழ்ந்தது. திருவொற்றியூரிற் சொன்ன சபதம் பிழைத்தமையால் இருகண்ணும் ஒளி மழுங்கப்பெற்ற சுந்தரமூர்த்தி நாயனார், கச்சி ஏகம்பத்தை அடைந்து இறைஞ்சி இடக்கண் பெற்றனர்; மற்றைக் கண் திருவாரூரிற் பெற்றனர். கண் பெற்றவுடன் அவர் கண்டது ஏகம்பநாதரது திருக்கோலத்தையே. காணுங் கண்ணும் காணப்படும் பொருளும் காட்டுவானும் அவ்விடத்து ஒருங்கு கூடின. காஞ்சி காண்டற்குரிய நகரம் என்பார், அது கண் அருளப்பெற்ற நகரமும் ஆதலை மறவாதிருத்தல் வேண்டும்.

3. கல்லில் நின்ற சித்தாந்தம்

காட்டுவார் இன்மையால் விளையும் இழப்பு எத்துணைத்து என்பதற்குக் கயிலாயநாதர் கோயிலே தக்க சான்று. ஊரின் மேற்புறத்தே அமைந்த இத்திருக்கோயில், கி. பி. 700-ஐ ஒட்டி அரசெய்திய இராசசிங்கன் என்னும் இரண்டாம் நரசிங்கவர்மப் பல்லவனால் எடுப்பிக்கப்பெற்றது. அடித்தளம் கருங்கல்லாலும், மேற்பகுதி மணற்கல்லாலும் ஆயவை. கருவறையில் பதினாறு பட்டையுள்ள இலிங்கத் திருமேனியும், அதன்பின் சுவரிற் சோமாஸ்கந்தத் திருவுருவும் உள்ளன. திருச்சுற்றின் மதிலை ஒட்டி 58 சிறுகோயில்கள் வரிசையாக நிற்கின்றன. முன்புறத்தே அரசனுடைய மைந்தன் மகேந்திரன் எடுப்பித்த கோயிலும், அரசி இரங்கபதாகை எடுப்பித்த சிறுகோயிலும் காணப்படும். சிறுகோயில்களிலே அரசனுடைய விருதுப் பெயர்கள் 250-க்கு மேற்பட்டன பொறிக்கப்பட்டுள்ளன. பல்லவர்கால ஓவியங்களின் எச்சங்கள் இங்கு இருத்தலை 1931-ஆம் ஆண்டிற் பிரெஞ்சு நாட்டு ஆராய்ச்சியாளராகிய சூவோ துப்ரேய் கண்டறிந்து வெளிப்படுத்தினர்.

இவ்வளவும் ஊர் காண வருவார்க்குப் பெரும்பாலும் சொல்லப்படுவனவே. சொல்லப்படாத ஒன்று உண்டு. விமானத்தின் புறத்தே சுற்றி ஓடும் வடமொழிக் கல்வெட்டு, பல்லவர் குலமுறை கூறி, கோயிலெடுத்த மன்னனைப் புகழுமிடத்து, சைவ சித்தாந்த நெறியிலே நின்று தன் மலம் அனைத்தும் நீங்கப்பெற்றவன் என்னும் கருத்தமைய உரைக்கின்றது. கல்வெட்டுக்களுள் சைவ சித்தாந்தம் என்னும் தொடர் வழங்கப்பட்ட மிகப் பழைய இடம் இதுவென ஆராய்ச்சியாளர் கூறுவர். மெய்கண்ட தேவர் காலமோ கி. பி. பதின்மூன்றாம் நூற்றாண்டு. அதற்கு ஐந்நூறு ஆண்டுகட்கு முன்னரே, ஓர் அரசன் தனக்குரிய பெருமைகளுள் ஒன்றாக இதனைக் கல்லிற் பொறிப்பித்தனன்.

இதன்கண் மிகைபடக் கூறுதலும் ஆகாது. மெய்கண்ட சாத்திரங்களின் பொருள்முறை முழுதும் அக்காலத்தே அவ்வண்ணமே வகுக்கப்பட்டிருந்தது என்று இக்கல்வெட்டால் நிறுவ இயலாது. ஆகமநெறியைக் குறித்தே அச்சொல் ஆண்டு நின்றது எனல் பொருந்தும். மலம் ஆணவம், கன்மம், மாயை என மூன்றாக ஆண்டு எண்ணப்படவும் இல்லை. ஆயினும், மலநீக்கமே பயன் என்பதும், அதனைத் தரும் நெறிக்குச் சித்தாந்தம் என்பதே பெயர் என்பதும் அத்துணைப் பழமையுடையன என்பது ஐயமின்றிப் பெறப்படும்.

இனி, அக்கோயிலில் யாம் செவியுற்றதொன்று கூறுவாம். கருவறையைச் சுற்றிவருதற்கு அமைந்த வழி மிகக் குறுகியது. குனிந்தும் தவழ்ந்தும் செல்லவேண்டுவது. ஊர் காட்டுவார் ஒருவர், வெளிமாநிலத்தினின்று வந்த குழுவினரை நோக்கி, இவ்வழியே தவழ்ந்து புறப்பட்டார்க்கு மறுபிறப்பு இல்லையென்று கூறினர். அவரும் நகைத்துக்கொண்டு தவழ்ந்து சென்றனர். பிறவி நீங்குதல் மலம் நீங்குதலால் என்றும், அது சித்தாந்த நெறியால் என்றும் கூறும் கல் அவர்தம் முழந்தாளுக்கு அணித்தாகவே இருந்தது. அதனை ஒருவரும் அவருக்குக் காட்டிற்றிலர். காட்டியவரை நோதல் பயனில்லை. அவர் கேட்டதை அவர் சொன்னார். அவருக்குச் சொல்லிக் கொடுப்பார் இல்லாமையே குறை.

4. பகைவன் கண்ட கோயில்

சுற்றுலாவாக வருவார் அன்பிலாதவர்; அவர்க்குக் காட்டி யாது பயன் எனச் சிலர் வினவுவர். இவ்வினாவுக்கு விடையும் அக்கோயிலின் தூண் ஒன்றிலேயே உள்ளது.

பல்லவர்க்கும் வாதாபிச் சளுக்கியர்க்கும் இருந்த தலைமுறைப் பகை யாவரும் அறிந்ததே. கி. பி. எட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அரசாண்ட சளுக்கிய மன்னனாகிய இரண்டாம் விக்கிரமாதித்தன் காஞ்சியைக் கைப்பற்றினான். வென்றவன் தோற்றவனது கருவூலத்தைக் கவர்தல் உலகவழக்கு. அவனோ இராசசிங்கேச்சுரமாகிய இக்கோயிலையும் அதன் செல்வத்தையும் கண்டு, அச்செல்வத்தைக் கவராது இறைவனுக்கே மீள அளித்தனன். முன்மண்டபத்துத் தூணிற் கன்னடமொழியிற் பொறிக்கப்பட்ட கல்வெட்டு இச்செய்தியை இன்றும் கூறிநிற்கின்றது. அவன் மைந்தன் கீர்த்திவர்மனது செப்பேடும் இதனை வலியுறுத்தும்.

அம்மட்டோ? அவனுடைய அரசியாகிய லோகமகாதேவி, தன் கணவன் காஞ்சியை வென்றதன் நினைவாக, மலப்பிரபை ஆற்றங்கரையிலுள்ள பட்டடக்கல்லில் ஒரு சிவாலயம் எடுப்பித்தாள். லோகேச்சுரம் என்று பெயர்பெற்று, இக்காலத்து விரூபாட்சர் கோயில் என வழங்கும் அது, காஞ்சிக் கயிலாயநாதர் கோயிலின் சாயலைப் பலவாற்றானும் உடையதென்று சிற்பநூலறிஞர் கூறுவர். அதன் சாயலை எல்லோராவில் இராட்டிரகூடர் குடைவித்த கயிலாசக் கோயிலிலும் காண்பர். பட்டடக்கல் 1987-ஆம் ஆண்டு முதல் உலக மரபுரிமை இடங்களுள் ஒன்றாக எண்ணப்பட்டு வருகின்றது.

படையொடு வந்தவன் வணங்கி மீண்டான். அவன் கண்ட காட்சி வேற்றுநாட்டிலும் சிவாலயமாய் முளைத்தது. பகைவனாய்ப் புகுந்தவனுக்கே இஃதாயின், கையிற் படமெடுக்குங் கருவியொடு வருபவனை அன்பிலான் என்று யாம் எங்ஙனம் துணிந்து ஒதுக்கலாம்? விதை எந்நிலத்து எப்பொழுது முளைக்கும் என்பது விதைப்பவன் அறிவுக்கு உட்பட்டதன்று. சங்கமங்கையினின்றும் மெய்யுணர்வு வேட்டுக் காஞ்சிக்கு வந்த சாக்கிய நாயனார், முதற்கண் புத்தநெறியிலன்றோ சேர்ந்தனர்? அவ்வேடத்தோடே சிவலிங்கத்தைக் கண்டு, நாடோறும் கல்லெறிதலையே வழிபாடாகக் கொண்டு வீடுபெற்றனர். வேடம் நோக்கி விலக்கியிருப்பின் அவர் நிலை என்னாம்?

5. தடையும் விடையும்

ஈண்டு வேறொரு சாரார், “அன்பொன்றே அமையும், காலமும் கல்வெட்டும் சிற்பமும் ஆராய்தல் வழிபடுவோனுக்கு வீண், பூசலார் நாயனார்க்குக் கல்லும் வேண்டப்படவில்லையன்றோ?” எனத் தடை நிகழ்த்துவர்.

அவர் எடுத்துக்காட்டிய வரலாறே அவர்க்கு விடையாகும். திருநின்றவூர்ப் பூசலார் பொருள் பெறாமையால் மனத்தகத்தே கோயில் சமைத்தனர். காடவர் கோமான் காஞ்சியிற் கற்றளி எடுத்துக் குடமுழுக்குக்கு நாள் வகுத்தபொழுது, இறைவன் அவன் கனவில் தோன்றி, அந்நாளில் யாம் பூசலன் கோயிலிற் புகுகின்றோம். நீ வேறு நாள் கொள்வாயாக என்று அருளினர். அக்கற்றளி இக்கயிலாயநாதர் கோயிலே எனக் கருதுவாரும் உளர். இவ்வரலாற்றில் இரண்டு செய்திகள் நோக்கத்தக்கன. பூசலார் மனக்கோயிலையும் ஆகமமுறை பிழையாமல், வேண்டுவன தேடி, தச்சரை அமைத்து, நாட்செய்து, அடிநிலை தொடங்கிப் படிப்படியாகவே சமைத்தனர். ஆகவே கோயிலின் அமைப்பறிவு அன்புக்குப் புறம்பானதன்று. அவ்வன்பு அதனை உட்கொண்டது. இனி, இறைவன் அரசனது கற்றளியை மறுத்தானும் அல்லன்; வேறு நாள் கொள்க என்றனன். அகமும் புறமும் இரண்டும் அவனுக்கு உவப்பே. முற்படுவது அகம் என்பதே அவன் காட்டியது.

மேலும், சிவஞானபோதப் பன்னிரண்டாஞ் சூத்திரம், மலம் நீங்கிய ஞானியரும் அடியார் திருவேடத்தையும் ஆலயத்தையும் அரனெனவே தொழுவர் என்று கூறும். அரனெனத் தொழற்பாலதாகிய ஒன்றைப் பற்றி அறிதல் வீண் என்பது யாங்ஙனம் பொருந்தும்? அறியாமையால் வரும் கேட்டைக் கண்முன்னே காண்கின்றோம். மென்மையான மணற்கல்லின்மேல் எண்ணெயும் கருப்பூரப் புகையும் படியச்செய்தலும், பழஞ்சிற்பத்தின்மேற் சாந்து பூசி உருமாற்றுதலும், திருப்பணி என்னும் பெயரால் மணலை வீசியெறிந்து கல்லைத் துலக்கி எழுத்துக்களை அழித்தலும் அன்பின்மையால் நிகழ்ந்தன அல்ல, அறிவின்மையால் நிகழ்ந்தன. அன்பின்றி வருபவன் கோயிலைக் காணாமற் செல்கின்றான். அறிவின்றி அன்பு செய்பவன் பின்வருவார் காணாதபடி செய்துவிடுகின்றான். பின்னையது பெருங்கேடு.

6. காஞ்சியைக் காணும் முறை

சென்னையினின்றும் சுமார் 75 கிலோமீட்டர் சேய்மையிலுள்ள காஞ்சியைக் காலையில் வந்து மாலையில் மீளும் ஊராக வைத்தலே முதற்பிழை. இரண்டு நாளாவது தங்குதல் வேண்டும்.

இந்நகரத்துப் பாடல்பெற்ற தலங்கள் ஐந்து: கச்சி ஏகம்பம், கச்சி மேற்றளி, ஓணகாந்தன்றளி, கச்சி அனேகதங்காவதம், கச்சி நெறிக்காரைக்காடு. இவற்றுள் ஏகம்பம் மூவர் பாடலும் பெற்றது, பிருதிவித் தலம், அதன் பெரிய கோபுரம் 1509-ஆம் ஆண்டிற் கிருஷ்ணதேவராயரால் எடுப்பிக்கப்பெற்றது. ஏனைய நான்கனுள், மேற்றளி அப்பரும் சுந்தரரும் பாடியது. ஓணகாந்தன்றளியும் அனேகதங்காவதமும் சுந்தரர் பாடியன. நெறிக்காரைக்காடு சம்பந்தர் பாடியது. ஏகம்பத்துக்குத் திரளாகச் செல்லும் அடியவர் இந்நான்கையும் பெரும்பாலும் அறியார். சுற்றுலாவினரோ பதிகம் பெறாத கயிலாயநாதர் கோயிலை நாடிச் செல்வர். அதற்கு அணித்தே உள்ள அனேகதங்காவதத்தை நோக்கார். இவர் காண்பதை அவர் காணார். அவர் காண்பதை இவர் காணார்.

ஆதலின் முதனாளில் ஐந்து தலங்களையும் அவ்வப் பதிகம் ஓதி வழிபடுக. மேற்றளி நெசவாளர் வாழும் பிள்ளையார்பாளையத்துள்ளது. பட்டு வாங்க விரும்புவார் தறியொலி கேட்கும் அத்தெருக்களின் வழியே திருமேற்றளிநாதரையும் கண்டு செல்லலாம். இரண்டாம் நாளிற் கயிலாயநாதரை வழிபட்டு, கல்வெட்டையும் சளுக்கியன் தூணையும் பார்த்து, பின்னர்க் குமரகோட்டத்துக்கும் காமக்கோட்டத்துக்கும் செல்க. கச்சியப்ப சிவாசாரியார் கந்தபுராணம் பாடியருளிய இடம் குமரகோட்டம். ஏகம்பத்துக்கும் காமக்கோட்டத்துக்கும் இடையே அது அமைந்திருத்தலால், நகரமே சோமாஸ்கந்த வடிவென்று பெரியோர் கூறுவர். காஞ்சிச் சிவாலயங்களுக்கெல்லாம் காமக்கோட்டமே அம்மை திருக்கோயில் என்பதும் மரபு. கயிலாயநாதர் கருவறையிற் சுவரிற் கண்ட திருவுருவை ஊரின் அமைப்பிலும் காண்பவன், கல்லினின்று ஊருக்கும், ஊரினின்று இறைவனுக்கும் கருத்தைச் செலுத்தக் கற்றவனாவான்.

செல்லுமுன் திருவாவடுதுறை மாதவச் சிவஞான முனிவர் அருளிய காஞ்சிப் புராணத்தை ஓரளவேனும் படித்தல் நலம். சிவஞானபோதத்துக்குப் பேருரை கண்ட அம்முனிவரே இந்நகரத்துக்குப் புராணமும் பாடினர் என்பது, சாத்திரமும் தலமும் வேறல்ல என்பதற்குப் போதிய சான்றாம்.

7. திருமடங்களின் கடன்

மூர்த்தி தல தீர்த்தங்களை முறையே வழிபடத் தொடங்கினார்க்கு உபதேசிக்கும் குருவும் வந்து வாய்ப்பர் என்னும் கருத்தைத் தாயுமான சுவாமிகள் அருளினர். இன்று தொடங்குவார் பலர், சொல்லுவார் சிலர். இக்குறையை நீக்குதல் திருமடங்களின் கடனேயன்றிப் பிறர் கடனன்று. அரசாங்கம் சாலையமைக்கும், விளக்கிடும், தொல்பொருட்டுறை கல்லைக் காக்கும். மலம் என்னும் சொற்கு அவை பொருள் சொல்லுதல் எதிர்பார்க்கத் தக்கதன்று.

செய்யவேண்டுவன அரியனவல்ல. ஒவ்வொரு தலத்துக்கும், பதிகம், தலவரலாறு, கல்வெட்டுச் செய்தி, வழிபடுமுறை என்பன அடங்கிய சிறுநூல் தமிழிலும் பிறமொழிகளிலும் வெளியிடுதல் வேண்டும். அதிற் புராணத்தைப் புராணமாகவும் வரலாற்றை வரலாறாகவும் பிரித்துச் சொல்லுதல் வேண்டும். மடங்களிற் சாத்திரம் கற்கும் மாணவருள் ஓரிருவரை விழாக்காலத்திலும் விடுமுறைக்காலத்திலும் தலங்களில் நிறுத்தி, வினவுவார்க்கு விடைகூறச் செய்தல் வேண்டும். ஊர் காட்டுதலைப் பிழைப்பாகக் கொண்டாரை இகழாது அழைத்து, ஆண்டுக்கு ஒருமுறையேனும் அவர்க்குப் பாடஞ்சொல்லுதல் வேண்டும். அன்று பிறவி நீங்கும் வழியெனத் தவழச்செய்தவர்க்கு அக்கல்வெட்டின் பொருளை ஒருவர் ஒருநாழிகை எடுத்துரைத்திருப்பின், அவர் வாயிலாக ஆண்டுதோறும் ஆயிரவர் அதனைக் கேட்டிருப்பர்.

கோயிற்கு வருவானை வரவழைத்தவன் இறைவன். அவன் கண்ணுக்கு உள்நின்று காட்டுபவனும் இறைவனே. புறத்தே நின்று ஒரு சொற் சொல்லுதல் மட்டுமே நமக்கு விட்டுவைத்த பணி. அதனையும் செய்யாது, வருவார் அன்பிலர் என்று குறைகூறியிருத்தல் சைவர்க்கு அழகன்று. இவ்வாண்டு காஞ்சிக்குச் செல்லும் அன்பர் ஒவ்வொருவரும், அக்கல்வெட்டின் முன் அயலார் ஒருவரையேனும் நிறுத்தி, அதன் பொருளை அவர்க்கு எடுத்துச் சொல்லி மீள்வாராக.

திருச்சிற்றம்பலம்.